இரண்டு கோடுகளும் ஒரு முந்திரித் தோப்பும்

இந்தோனேசியாவை நாம் முந்தப் போகிறோம் என்ற செய்தியை நான் முதன்முதலில் கேட்டது புதுக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில். முந்தின நாள் கல்யாணத்தின் பூச்சரங்கள் மேடையில் வாடித் தொங்கிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளையும் பெண்ணும் உட்கார்ந்த இடத்தில் ஒரு வெள்ளைத் திரையைக் கட்டியிருந்தார்கள். திரைக்குப் பக்கத்தில், சித்திரை வெயிலிலும் கோட்டைக் கழற்றாத ஓர் ஏற்றுமதி ஆலோசகர். கழுத்தில் வழிந்த வியர்வையைப் பார்த்தால் பாவமாக இருந்தது. வாயைத் திறந்ததும் அந்தப் பாவம் போய்விட்டது.

திரையில் இரண்டு கோடுகள். சிவப்பு இந்தோனேசியா, பச்சை இந்தியா. மேலே தலைப்பு: மர எரிபொருள் ஏற்றுமதி, ஆண்டுவாரியாக ஓர் ஒப்பீடு. சிவப்புக் கோடு ஏறி, திணறி, சரிந்து, மறுபடி ஏறியது. பச்சைக் கோடு தரையோடு ஊர்ந்துகொண்டே வந்து, கடைசியில் திடீரென்று எழுந்து, சிவப்பைத் தொட ஒரு விரற்கடை பாக்கி என்கிற இடத்தில் நின்றது. "தொடப் போகுதா, இல்லையா?" என்று ஆலோசகர் கேட்டார். மண்டபமே "தொடப் போகுது" என்று வாய்ப்பாடு ஒப்பிப்பதுபோலச் சொன்னது. வரிசையில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பியின் குரல் மற்ற எல்லாக் குரலையும்விட உரக்கக் கேட்டது.

நான் இந்த ஊரில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறவள். படத்தைப் பார்க்கும் முன்னால் அதன் ஓரத்தில் இருக்கும் எண்களைப் பார்க்கிற கெட்ட பழக்கம் எனக்கு உண்டு. இடது ஓரத்தில் ஓர் அளவு, வலது ஓரத்தில் வேறோர் அளவு. சிவப்புக் கோட்டை இடது பக்கத்து எண்களோடும் பச்சைக் கோட்டை வலது பக்கத்து எண்களோடும் சேர்த்துப் படிக்க வேண்டும். இடது பக்கத்தில் இருந்த பூஜ்ஜியங்களில் பாதிகூட வலது பக்கத்தில் இல்லை. ஒரு பையனை அடிக்கோலால் அளந்து, இன்னொருவனை விரற்கடையால் அளந்து, இருவருக்கும் ஒரே எண் வருகிறது, ஆகவே இருவரும் ஒரே உயரம் என்று சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அந்தப் படம்.

எழுந்து இதைக் கேட்டேன். ஆலோசகர் முகம் மலர்ந்தார். "அருமையான கேள்வி மேடம். கடைசியில் விரிவாகப் பேசுவோம்" என்றார். கடைசியில் தக்காளி சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். பொட்டலத்தைக் கண்டதும் இரண்டு நாடுகளையும் திரையிலேயே விட்டுவிட்டு மண்டபம் எழுந்துகொண்டது.

"யக்கா, நாலு பேரு முன்னாடி மானத்தை வாங்காதக்கா" என்றான் தம்பி, ஊறுகாயைப் பிரித்துக்கொண்டே.

என் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன். அங்கே கோழியைக் கரியில் வாட்டுவார்கள். அந்தக் கரி இந்தோனேசியாவிலிருந்து வரும் என்று யாரோ சொன்னார்களாம். அவ்வளவுதான் அவனுக்கும் இந்தோனேசியாவுக்கும் உள்ள உறவு. ஆனால் அவன் பேசுவதைக் கேட்டால், கடையின் கொல்லைக் கதவைத் திறந்தால் அந்த நாடு கோலம் போட்ட வாசல்போலத் தெரியும் என்று நினைக்கத் தோன்றும். மூட்டை தூக்கியவனுக்கு உடம்பு வலி மிஞ்சும். இவனுக்கு உலக வர்த்தக அறிவு மிஞ்சியிருந்தது.

என்னை மண்டபத்துக்கு அவன் அழைத்துப் போனது என் அறிவுக்காக அல்ல. ஆலங்குடிக்குப் பக்கத்தில் எங்கள் அப்பா விட்டுப்போன முந்திரித் தோப்பு இருக்கிறது. நடுவில் ஒரு வண்டிப்பாதை. பாதைக்குத் தெற்கே தம்பிக்கு, வடக்கே எனக்கு என்று அப்பாவின் காரியம் முடிந்த அன்று ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வாய்வார்த்தையாகச் சொன்னார்கள். சொல்லும்போதே, பிறந்த வீட்டுச் சொத்தை எந்தப் பெண் எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள் என்ற சிரிப்பும் அவர்கள் முகத்தில் இருந்தது. சட்டப்படி மூன்று பேருக்கும் பங்கு உண்டு. அம்மா தன் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். நானும் போட வேண்டும். அப்போதுதான் தோப்பு முழுக்க அவன் கைக்கு வரும். முழுத் தோப்பையும் வெட்டிக் கரியாக்கிக் கப்பலேற்றினால் பச்சைக் கோடு சிவப்பைத் தொட்டுவிடும். இதுதான் திட்டம். என் வடக்குத் தோப்பு நிற்குமா விழுமா என்பது அந்தக் கோட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து நானே தேடினேன். அந்தப் படம் எந்த அட்டவணையிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்தால் விஷயம் இன்னும் கேவலமாக இருந்தது. அதில் கரியே இல்லை. அது விறகுக் கணக்கு. கரிக்குத் தனி அட்டவணை இருக்கிறது. அதை ஆலோசகர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இந்தோனேசியாவின் கோடு ஏறி இறங்குவதற்கும் காரணங்கள் உண்டு. ஓர் ஆண்டு அந்த நாடு ஒரு விதியைக் கொண்டுவரும், இன்னோர் ஆண்டு வாங்குகிற நாடு வேறு சரக்குக்கு மாறும். அங்கிருந்து போவதில் தேங்காய் ஓட்டுக் கரிக்குத் தனிக் கிராக்கி. இதையெல்லாம் இரண்டு வண்ணத்தில் ஒரு படமாக்கிவிட்டு, ஆலங்குடிக்காரனின் முந்திரி மரத்தை வெட்டச் சொல்கிறார் அந்த மனிதர். எங்கள் கல்லூரியிலும் இப்படிப் படம் போட்டு ஆராய்ச்சிப் பட்டம் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் யாருடைய மரத்தையும் வெட்டவில்லை.

தம்பியை வரவழைத்துக் காட்டினேன்.

"டே, இது வெறகுடா. கரி இல்ல. அந்த ஆளு வெறகுக் கோட்டைக் காட்டி ஒங்கிட்டக் கரி யாவாரம் பேசியிருக்கான்."

அவன் என் கணினித் திரையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் எனக்காக ஓர் இரக்கம் இருந்தது.

"வெறகை எரிச்சாக் கரிதானக்கா?"

  அந்தக் கேள்வியையே தன் வெற்றியாக எடுத்துக்கொண்டு அவன் காபி கேட்டான்.

"கரின்னா கருவேலங்கரிடா" என்று மறுபடி ஆரம்பித்தேன். இது ஒன்றும் பெரிய ரகசியமில்லை. எங்கள் மாவட்டத்தில் ஆவுடையார்கோவில் பக்கம் போனால் கண்ணுக்கெட்டிய வரை சீமைக்கருவேல், இடையிடையே கரிமூட்டப் புகை. இஸ்திரி போடுகிறவரிலிருந்து பரோட்டாக் கடைக்காரர் வரை கருவேலங்கரியைத்தான் கேட்டு வாங்குவார்கள். முந்திரிக் கட்டை அடுப்புக்கு ஆகும். அதைக் கரியாக்கினால் கையில் பிடித்தால் நொறுங்கும், தீயில் போட்டால் பொரியும். இவ்வளவும் தம்பிக்கும் தெரியும். ஆனால் கோட்டுப் போட்டவர் சொன்ன பிறகு, தெரிந்ததெல்லாம் அவனுக்கு மறந்துபோனது.

"வெளிநாட்டுக்காரன் கருவேலத்தைக் கண்டானா, முந்திரியைக் கண்டானா? கரின்னாக் கறுப்பா இருக்கணும். அவ்வளவுதானக்கா."

நான் கையெழுத்துப் போடவில்லை. அம்மாவிடம் போனேன்.

அம்மா தோப்பின் தெற்குப் பாதியில் இருக்கும் ஓட்டு வீட்டில் தனியாக இருக்கிறாள். தம்பி வீடு ஆலங்குடிக்குள். நான் டவுனில். இரண்டு இடத்திலும் அம்மாவுக்குச் சரிப்படாது. பங்குனி, சித்திரையில் பழம் விழ ஆரம்பித்தால் அவளுக்கு வேறு உலகம் வேண்டாம். பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியே எடுத்துக் காயவைத்து, அடியில் துளைகள் போட்ட ஓட்டைச் சட்டியில் வறுத்து, வாசல் நிழலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக உடைப்பாள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் நுனிகள் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். யார் தயவும் இல்லாமல் அவள் சாப்பிடுவது அந்தத் தோப்பினால்தான். அந்தத் தோப்பை வெட்டுவதற்குத்தான் அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"நீ எங்கிட்டு இருப்ப ஆத்தா? மரம் இல்லாத பொட்டல்ல இந்த ஓட்டு வீடு அடுப்பாத்தான் கெடக்கும்" என்றேன்.

"அவன் ஆம்பளப்புள்ள. ஏதோ தொழில் பண்றேங்குறான். தடுக்கலாமா? நீயும் போட்டுக் குடுத்துட்டுப் போ. ஒனக்கு மாசமானாச் சம்பளம் வருது. அங்கிட்டு இருக்குற மரத்தை வச்சு நீ என்ன பண்ணப் போற?"

அங்கிட்டு. என் பாதியை அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வாள். தம்பியின் பாதி 'அவன் தோப்பு'. என்னுடையது வெறும் 'அங்கிட்டு'. 'வடக்கு' என்று ஒரு திசைக்குக் கிடைக்கிற மரியாதைகூட அதற்குக் கிடைக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வந்ததைச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினேன். "ஒம் மகன் ஒங் கையில சட்டியைக் குடுத்துத் தெருவுல ஒக்கார வச்சாலும், புள்ள புதுச் சட்டி வாங்கிக் குடுத்துட்டான்னு பெருமையாச் சொல்லுவ."  உடைத்த பருப்பில் அம்மா ஒரு கையளவு அள்ளி என் பையில் போட்டாள்.

தம்பி தன் பாதியை வெட்டினான். ரம்பத்தின் இரைச்சல் சாலை வரை கேட்டது. மரங்கள் காய்க்கிற வயதில் இருந்தவை. புயலுக்கே தப்பி நின்றவை. கட்டைகளைக் கூம்பாக அடுக்கி, தழையைப் போர்த்தி, மண்ணைப் பூசித் தீ வைத்தார்கள். ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து கூலிக்கு வந்தவர்கள் முந்திரிக் கட்டையைப் பார்த்துத் தங்களுக்குள் சிரித்துக்கொண்டார்கள். பிறகு வேலையைப் பார்த்தார்கள். அவர்களுக்கென்ன, கூலி கிடைக்கிறது. மூட்டத்தின் புகை அம்மாவின் ஓட்டு வீட்டுக்குள் போய்த் தங்கியது. அம்மா இருமிக்கொண்டே, வந்தவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

கரியைச் சாக்கில் கட்டிக் கண்டெய்னரில் ஏற்றும் நாளுக்கு என்னையும் அழைத்தார்கள். கூடப்பிறந்தவள் வராவிட்டால் ஊர் என்ன சொல்லும் என்ற கவலை. போனேன். வேடிக்கை பார்க்கத்தான் போனேன், அதில் எனக்கு வெட்கமில்லை. கண்டெய்னரின் நெற்றியில் சந்தனம், குங்குமம். பக்கவாட்டில் வாழைக்கன்று. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம். ஆலோசகரும் வந்திருந்தார், அதே கோட்டு. ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். இந்தோனேசியாவை யாரும் பார்த்ததில்லை; ஆனால் அது இன்றோடு ஒழிந்தது என்கிற திருப்தி எல்லோர் முகத்திலும் இருந்தது.

பூசணிக்காயின் மேல் சூடத்தை ஏற்றி வண்டியைச் சுற்றினார்கள். அதோடு விட்டிருக்கலாம். தம்பிக்கு மனசு கேட்கவில்லை. "உள்ளயும் காட்டுங்க, உள்ளயும் காட்டுங்க" என்றான். தாம்பாளத்தில் சூடத்தைக் கொளுத்தி, திறந்திருந்த கண்டெய்னருக்குள் ஏறி, சந்தனம் வைத்த முதல் மூட்டையின் மேலேயே தட்டை வைத்தான். ஏற்றும்போது சிந்திய கரித்தூள் எங்கும் கிடந்தது. சாக்கோ பிளாஸ்டிக் சாக்கு. கரி மூட்டைக்குக் கற்பூர ஆரத்தி காட்டுகிறவனை நான் என்னவென்று சொல்வது? கையெடுத்துக் கும்பிட்டுக் கண்ணை மூடியிருந்தவர்களில் ஒருவருக்குக்கூட, மூட்டைக்குள் இருப்பது என்ன என்ற நினைப்பு வரவில்லை.

தட்டு சரிந்தது. சாக்கின் வாய் பொசுங்கி உருகியது. உள்ளே இரண்டு மூன்று துண்டுகள் சிவந்தன. ஒரே கூச்சல். யாரோ பூசைக்கு வைத்திருந்த குடத்துத் தண்ணீரை எடுத்து ஊற்றினார்கள். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. எல்லோரும் மூச்சுவிட்டார்கள்.

"அந்த மூட்டையை எறக்கிருங்க சார்" என்றார் லாரி டிரைவர்.

"எறக்குடா" என்று நானும் கத்தினேன். "அடியில நெருப்பு இருக்கும். எறக்கிக் கொட்டிப் பாரு."

"பூசை பண்ணுன மூட்டையை எப்படி எறக்குறது?" என்றான் தம்பி. கூட்டத்தைப் பார்த்தான். கூட்டமும் ஆமாம், எறக்கக் கூடாது என்றது. முதல் மூட்டையே இறங்கினால் தொழிலே இறங்கிவிடுமாம். ஆலோசகர் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். 

"நல்ல காரியம் நடக்குற எடத்துல அபசகுனமாப் பேசாதடி" என்று அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள்.

பொசுங்கிய சாக்கின் வாயைச் சணலால் தைத்து, அதே இடத்தில் வைத்து, அதன்மேல் இன்னும் மூட்டைகளை அடுக்கிக் கதவைச் சாத்தினார்கள். மங்கலமான தண்ணீர் பட்டிருக்கிறது, எல்லாம் நன்மைக்கே என்று ஒருவர் விளக்கமும் சொன்னார். வெடி போட்டார்கள். வண்டி கிளம்பியது.

துறைமுகத்துக் கிடங்கில் வண்டி நின்றிருந்தபோதே கதவிடுக்கில் புகை வந்ததாம். அங்கே சரக்கைப் பார்த்துக்கொண்ட ஏஜெண்ட் அனுப்பிய வீடியோவைத் தம்பி எனக்குக் காட்டவில்லை. அவன் மனைவி காட்டினாள். கதவைத் திறந்துவைத்துக் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள், கறுப்புச் சேறாக வழிகிறது. நல்ல வேளை, கப்பலில் ஏற்றவில்லை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்தக் கிடங்குக்காரர்கள் வைத்துக்கொள்ள மறுத்து, மிச்சத்தை வேறொரு லாரியில் ஏற்றித் திருப்பி அனுப்பினார்கள். அது அம்மாவின் வீட்டு வாசலில் குவியலாக இறங்கியது. முந்திரி மரம் நின்ற இடத்தில் முந்திரிக் கரி. பச்சைக் கோடு கடலைத் தாண்டவே இல்லை.

"கண்ணு பட்டுருச்சுக்கா" என்றான் தம்பி. "இன்னும் பெரிய பூசணியா ஒடைச்சிருக்கணும்."

காய்ந்த கரியைக் கேட்டவர்களுக்கெல்லாம் அள்ளிக் கொடுத்தான். அதில் கொஞ்சம் எங்கள் தெருவில் இஸ்திரி போடுகிறவருக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் அவர் தலையைச் சொறிந்துகொண்டு என் சுங்கடிப் புடவையோடு நின்றார். "டீச்சர், கரி சரியில்லைங்க, பொரியுது" என்றார். முந்தானையில் மிளகளவுக்கு ஓர் ஓட்டை. அவரைக் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் புடவையைத் தூக்கிப் போடவும் இல்லை. தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதையே கட்டிக்கொள்வேன். அவன் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை.

இந்த வருஷம் சித்திரையில் அவன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தான். நான் அந்தப் புடவையில்தான் இருந்தேன். வந்ததும் கைப்பேசியை நீட்டினான். அதில் ஒரு புதுப் படம். ஆலோசகர் அனுப்பியதாம். சிவப்புக் கோடு அப்படியே இருந்தது, பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். இந்தோனேசியா போய் வியட்நாம் வந்திருந்தது. பச்சைக் கோடு வழக்கம்போலத் தொட ஒரு விரற்கடை பாக்கி.

"இந்தத் தடவை சூடமெல்லாம் கெடையாதுக்கா. வெறும் பூசணிதான்" என்றான். "நீ மட்டும் கையெழுத்துப் போட்டியன்னா, வடக்குத் தோப்புக் கட்டையே போதும். ஆத்தாவும் அதைச் சொல்லத்தான் வந்திருக்கு."

அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். வெயிலில் முகம் கறுத்திருந்தது. ஒரு வருஷத்தில் இவ்வளவு ஒடுங்க முடியுமா என்று இருந்தது. அவள் கையில் ஒரு பெரிய ஒயர்கூடை. மகனுக்காகப் பேச வந்தவளை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது என்று நான் மனதுக்குள் வார்த்தைகளைக் கூர் தீட்டிக்கொண்டிருந்தேன். அம்மா என் முந்தானையை எடுத்து அந்த ஓட்டையில் விரலை வைத்தாள்.

"இது என்னடி?"

"இந்தோனேசியா" என்றேன்.

தம்பி சிரித்தான். அவனுக்குப் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. முந்தானையை மடித்து என் மடியில் வைத்துவிட்டு, கூடையைத் திறந்தாள். உள்ளே ஓட்டைச் சட்டி, கொட்டை உடைக்கிற கட்டை, இரண்டு புடவைகள்.

"அங்க இருக்க முடியலடி. வீடு காயுது. உச்சிப் பொழுதுல ஒக்கார ஒரு நெழலு இல்ல" என்றாள். தம்பியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே சொன்னாள். "ஒன் தோப்புல எனக்கு ஒரு கொட்டகை போட்டுக் குடு. அங்க இருந்துக்கிறேன்."

  'ஒன் தோப்பு'. இத்தனை வருஷம் நான் கேட்க நினைத்த சொல் அது. ஊர்ப் பெரியவர்கள் சிரித்துக்கொண்டே சொன்னார்கள், சட்டம் அச்சடித்துச் சொன்னது. அதெல்லாம் எனக்குப் பெரிதாகப் படவில்லை. அம்மா சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தது. அதைச் சொல்ல அவளுக்கு அரைத் தோப்பு கரியாக வேண்டியிருந்தது. அவளைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, நாலு வார்த்தை கேட்கவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் கூடையை வாங்கி உள்ளே வைத்தேன்.

தம்பி கைப்பேசியை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருந்தான். அதில் பச்சைக் கோடு ஒளிர்ந்தது.

"சரி, கொட்டகை போட்டுக்கலாம். அப்பக் கையெழுத்து?" என்றான்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா திரும்பினாள்.

"அதான் சொல்லிட்டேனேடா. அது அவ தோப்பு."